மறையாத கை

படக்கதைப் புத்தகம் ஒன்றைப் பற்றி இத்தகைய இதழில் எழுதுவதா என்று வாசகர்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மறைக்கல்வி நூலுக்குள் 'காமிக்ஸ்' ஒளித்துவைத்துப் படித்துக் காது திருகப்பட்டவர்களும், அக்காதுகளைத் திருகியவர்களும் இன்றும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். நான் இருதரப்பையும் சேர்ந்தவன். சிறுவனாக இருந்தபோது திருகப்பட்டேன். பின்னர் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாக இருந்து திருகினேன். மாணவர்களிடமிருந்து பறித்த புத்தகங்களை மாலையில் வீட்டிற்கு எடுத்துச்சென்று, கதவைச் சாத்திக்கொண்டு படித்து முடித்தபிறகே மறுநாள் திருப்பிக் கொடுப்பேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

பணி ஓய்விற்குப் பிறகு கதவைச் சாத்தவேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. அண்மையில், மறுபதிப்பாக வெளிவந்த 'இரும்புக்கை மாயாவி' கதைகள் சிலவற்றை வரவழைத்து வரிசையாகப் படித்தேன். அரை நூற்றாண்டுக்கு முன் படித்த அதே படங்கள். இப்போது தாள் வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருக்கிறது. பொழுதுபோக்கிற்காகவே தொடங்கினேன். மூன்றாம் நாள் இரவில் உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். 1972ஆம் ஆண்டில் சிவகாசியில் திரு. எம். சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி'. தொடக்க ஆண்டுகளில் முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராக இருந்தார். 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் திரு. எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. முத்து காமிக்ஸ் 2022இல் தன் ஐம்பதாம் ஆண்டைக் கண்டது. 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு', 'நடுநிசிக் கள்வன்' என்று தலைப்புகளைச் சொன்னாலே முகம் மலர்கிற அறுபது வயதினர் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஏராளம். அவர்களில் பலருக்கு இலண்டன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாராளுமன்றம் அன்று. மூடுபனியில் காற்றிலே மிதந்து வருகிற ஓர் இரும்புக்கைதான்.

அக்கை யாருடையது? லூயிஸ் கிராண்டேல் என்னும் ஆய்வுக்கூட உதவியாளனுடையது. விபத்தொன்றில் வலக்கையை இழந்த அவனுக்கு இரும்பினால் ஆன கை பொருத்தப்படுகிறது. பிறகு ஒருநாள் கடுமையான மின்சாரம் தாக்குகிறது. அவன் சாகவில்லை, மறைந்துவிடுகிறான். மின்சாரம் பாயும்போதெல்லாம் அவன் உடல் பார்வையிலிருந்து மறையும். அதன் விளைவு தீர்ந்ததும் மீண்டும் தெரியும். ஆனால் இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. 1962இல் 'வேலியன்ட்' என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழில் பிறந்த கதை இது. முதலில் எழுதியவர் கென் பல்மர். பின்னர்ப் பல காலம் எழுதியவர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டவர்; பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஹெசூஸ் என்பது இயேசு என்னும் திருப்பெயரேதான். அந்நாட்டார் தம் பிள்ளைகளுக்கு இப்பெயரை இயல்பாக இடுகிறார்கள். மாயாவியை வரைந்தவர் பெயர் இயேசு என்பதை அறிந்தபோது எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

கை ஏன் மறைவதில்லை? எளிய காரணம் ஒன்று உண்டு. முழுவதும் மறைந்த மனிதனை ஓவியர் எப்படி வரைவார்? வெறுங் கட்டங்களை அச்சிட்டு விற்க முடியாது. ஆகவே கதாநாயகனின் ஏதேனும் ஒரு பகுதி தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தொழிலின் தேவைக்காகச் செய்த ஏற்பாடுதான் அது. ஆயினும் ஏற்பாடு செய்தவர்கள் எண்ணியதைவிட ஆழமாக அது அமைந்துவிட்டது. முகம் மறையலாம், பெயர் மறையலாம், ஊரும் குலமும் மறையலாம். செய்கிற கை மறைவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி அது. மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் கிராண்டேல் செய்த முதற்காரியம் நற்காரியமன்று. அவன் திருடினான். தொடக்கக் கதையில் அவன் கதாநாயகன் அல்லன், கொடியவன். பின்னரே மனம் தெளிந்து, 'நிழற்படை' என்னும் உளவுப் படையில் சேர்ந்து, உலகைக் காப்பவன் ஆகிறான். மறைய முடிந்தவன் முதலில் திருடுவான் என்பது அக்கதையை எழுதியவருக்கு இயல்பாகவே தோன்றியிருக்கிறது. படித்த நமக்கும் அது வியப்பாகத் தோன்றவில்லை.

இவ்வியல்பை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். பிளேட்டோ எழுதிய 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், சாக்ரடீசுடன் வாதிடும் கிளாக்கன் என்னும் இளைஞர் ஒரு கதை சொல்கிறார். லிதியா நாட்டு ஆயன் ஒருவன், நிலநடுக்கத்தால் பிளந்த குழியொன்றில் இறங்கி, அங்கிருந்த பிணத்தின் விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றி வருகிறான். கைஜஸின் மோதிரம் என்று அதனைக் குறிப்பிடுவது வழக்கம். அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பினால் அவன் மறைந்துவிடுவான். இதனை அறிந்துகொண்டவன் என்ன செய்தான்? அரண்மனைக்குள் புகுந்தான், அரசியைத் தன்வயப்படுத்தினான், அரசனைக் கொன்று நாட்டைக் கைப்பற்றினான். இத்தகைய மோதிரங்கள் இரண்டு இருந்து, நல்லவன் ஒருவனுக்கும் தீயவன் ஒருவனுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தால், இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்பது கிளாக்கனின் வாதம். அகப்பட்டுக்கொள்வோம் என்னும் அச்சமே நல்லொழுக்கம் என்கிறார் அவர். 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'மறைந்த மனிதன்' புதினத்திலும் கதி அதுவேதான். அங்கே மறைந்தவன் கொலைவெறியனாகவே மாறிவிடுகிறான்.

என் வகுப்புகளில் இவ்வினாவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "ஒரு நாள் முழுதும் உங்களை யாரும் பார்க்க முடியாது என்றால் என்ன செய்வீர்கள்?" வினாத்தாளை முன்கூட்டியே பார்ப்பது, மிட்டாய்க் கடை, திரையரங்கம், தன்னை அடித்தவனைத் திருப்பி அடிப்பது, ஆண்டுதோறும் விடைகள் இவையே. ஒரு குறும்பன் எழுந்து, "நீங்கள் என்ன செய்வீர்கள், ஐயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துச் சமாளித்தேன். அவனுக்கு நான் விடை சொல்லவில்லை. நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியும்.

எனது ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், ஆரணி வட்டாரத்தைச் சேர்ந்தது. இப்போது திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை வட ஆர்க்காடு. ஆரணிப் பட்டு என்று கடைகளில் சொல்லப்படுவது ஆரணி நகரில் மட்டும் நெய்யப்படுவது அன்று. சுற்றியுள்ள ஊர்களின் தெருக்களிலும் தறியோசை கேட்கும். எங்கள் வீட்டில் ஒரு குழித்தறி இருந்தது. அப்பா கூலிக்கு நெய்தார். பாவும், ஊடைக்கு வேண்டிய பட்டும், சரிகையும் முதலாளி எடை போட்டுக் கொடுப்பார். புடவை முடிந்ததும் அதனையும் மிச்சத்தையும் சேர்த்து எடை போடுவார். சேதாரம் என்று சிறிதளவு விட்டுக்கொடுப்பது வழக்கம். அதற்குமேல் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

சரிகை என்பது வெறும் மினுக்கு நூல் அன்று. வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, சிவந்த பட்டு இழைமீது நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் பொன்முலாம் ஏற்றுவார்கள். சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். அதுவே நல்ல சரிகையின் அடையாளம். கிழிந்த பழம்புடவையின் சரிகைக்குக்கூட விலை உண்டு. அதனை வாங்கி, எரித்து, வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் மிதிவண்டியில் தெருத்தெருவாக வருவார்கள்.

பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றுவது என் வேலை. புட்டாவுக்கும் முந்திக்கும் வேண்டிய சரிகையைத் தார்க்குச்சிகளில் சுற்றித் தர வேண்டும். 1975ஆம் ஆண்டாக இருக்கலாம். எனக்குப் பதினோரு வயது. கடைத்தெருப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த மாயாவி புத்தகங்களை அட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த காலம். வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு புத்தகத்தை ஒரே ஓர் இரவுக்குக் கொடுத்தான். அதன்பின் என்னால் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு நாளும் தார் சுற்றும்போது சில முழம் சரிகையை ஒரு தீக்குச்சியில் தனியே சுற்றி வைத்தேன். குச்சி பருத்ததும் தீப்பெட்டிக்குள். தீப்பெட்டி மறைக்கல்வி நூலுக்குப் பின்னால், மாடக்குழியில். யாரும் பார்க்கவில்லை. மிதிவண்டிக்காரர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்பது அவர் தொழிலுக்கு ஆகாது. சில்லறையை எண்ணிக் கொடுத்தார். மாயாவியை வாங்கினேன். மறுபடியும் சுற்றினேன், மறுபடியும் வாங்கினேன். எத்தனை புத்தகங்கள் என்று இன்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நான்குக்குக் குறையாது.

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒரு மாலை, தறியிலிருந்து எழுந்து வந்தவர், நான் விரித்து வைத்திருந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "ஆள காணோம். இந்தக் கை மட்டும் ஏன் தெரியுது?" என்று கேட்டார். "அது இரும்பு அப்பா, அது மறையாது" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். புத்தகம் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்குத் தோழன் பெயர் ஒன்றை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அந்தப் புடவை முடிந்து எடை போட்ட நாளில் அப்பாவுடன் நானும் போயிருந்தேன். மிச்சத்தைச் சுமப்பதற்கு என்னை அழைத்துச் செல்வது வழக்கம். திண்ணையில் வேறு நெசவாளர்கள் மூவர் நால்வர் இருந்தனர். முள் தாழவில்லை. முதலாளி தராசை மூன்று முறை திருத்திப் பார்த்தார். பிறகு எல்லார் காதிலும் விழும்படி, "இன்னாப்பா, இத்தினி வருசம் கழிச்சி கை நீண்டுப்போச்சா?" என்றார். கை நீளம் என்னும் வழக்கின் பொருள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் அப்பாவின் வலக்கையைத்தான் பார்த்தேன். நாடா பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அது வேட்டியின் ஓரத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. "குறையிறத கூலில புடிச்சிக்குங்க முதலாளி" என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை. எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

வழியெல்லாம் நானும் பேசவில்லை. அடுத்த பாவு அவருக்குக் கிடைக்க நெடுநாள் ஆயிற்று. அதுவரை, இன்னொருவர் வீட்டுத் தறியில் பாதிக் கூலிக்கு உட்கார்ந்தார்.

புனித அகுஸ்தினார் தம் பதினாறாம் வயதில் தோழர்களோடு அடுத்தவர் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடிய நிகழ்ச்சியைத் தம் 'ஒப்புதல்கள்' நூலில் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை, பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தோம், தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்கிறார். சில பேரிக்காய்களுக்கு இவ்வளவு பெரிய விசாரணையா என்று இளவயதில் படித்தபோது நினைத்தேன். இப்போது அவ்வாறு நினைக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் கூட்டத்தின் துணிவில் திருடினார். நான் தனிமையின் துணிவில் திருடினேன். அவருக்குப் பேரிக்காய் வேண்டியிருக்கவில்லை. எனக்கு மாயாவி வேண்டியிருந்தது. படித்து மகிழவும் செய்தேன். திருடிய காசில் வாங்கியது ஒரு திருடன் திருந்திய கதை என்பது அன்று என் மூளைக்கு எட்டவேயில்லை.

இவ்வளவுக்கும் இறைவன் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பது எனக்கு மனப்பாடம். முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண் வரைந்த படம் ஒன்றை மறைக்கல்வி வகுப்பில் காட்டி, இருட்டிலும் இக்கண் உறங்காது என்று கற்பித்தார்கள். எங்கள் தலைமுறையினர் பலர் இப்படத்தோடு வளர்ந்தவர்கள். அதன்மீது எனக்கு இன்று ஒரு முறையீடு உண்டு. காவலர் பார்க்கிறார் என்பதற்காகத் திருடாதவனுக்கும், கடவுள் பார்க்கிறார் என்பதற்காகத் திருடாதவனுக்கும் என்ன வேறுபாடு? காவலர் உறங்குவார், கடவுள் உறங்கமாட்டார் என்பது மட்டுந்தானா? அப்படியானால் கிளாக்கன் சொன்னதுதான் சரியாகிவிடும். அச்சத்தின் மறுபெயரே அறம் என்றாகும். மேலும், அந்தக் கண்ணால் என் கையைத் தடுக்க முடியவில்லை என்பதும் உண்மை. தீப்பெட்டியை மறைக்கல்வி நூலுக்குப் பின்னால் ஒளித்த சிறுவனுக்கு அந்தக் கண்ணைப் பற்றி எல்லாம் தெரியும்.

விவிலியத்தைத் திறந்து பார்த்தால், காணும் கடவுள் வேறு விதமாகத் தென்படுகிறார். தொடக்கநூலில் அவருக்குக் 'காண்பவர்' என்று முதன்முதலில் பெயரிட்டவள் ஆகார். அவள் ஓர் அடிமைப் பெண். தலைவியின் கொடுமை தாங்காமல் பாலைநிலத்தில் ஓடிவந்து நீரூற்றருகே கிடந்தவள். யாருடைய கண்ணுக்கும் ஒரு பொருட்டாகத் தெரியாதவளைக் கடவுள் கண்டார். அக்காட்சி அவளுக்கு அச்சுறுத்தலாக அன்று, உயிர்ப்பிச்சையாக இருந்தது. மறைவில் காண்கிற தந்தையைப் பற்றி மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுவதையும் கவனித்தல் வேண்டும். தருமம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் பற்றிச் சொல்லும்போதுதான் அதனைச் சொல்கிறார். திருடனை எச்சரிப்பதற்காகச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் நன்மை செய்பவனுக்குச் சொன்னது அது. இருட்டில் நடக்கும் தீமையைக் கண்டுபிடிக்கும் விளக்காக நாம்தான் அதனை மாற்றிக்கொண்டோம்.

இனி, கிளாக்கனிடம் திரும்பவேண்டியிருக்கிறது. அவர் வாதத்தில் மோதிரக் கதை பாதிதான். எல்லாரும் சொல்வது அந்தப் பாதியைத்தான். மற்றப் பாதி மேலும் கடுமையானது. முழுக் கொடியவன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உத்தமன் என்னும் பெயரைக் கொடுங்கள். முழு உத்தமன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனிடமிருந்து நற்பெயரையும் பறித்துக் கொடியவன் என்னும் பெயரைச் சூட்டுங்கள். அவன் சாட்டையால் அடிபடுவான், கட்டுண்பான், முடிவில் கழுமரத்தில் ஏற்றப்படுவான். இப்போது சொல்லுங்கள், யாராக இருக்க விரும்புவீர்கள் என்று கேட்கிறார். கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இப்பகுதியைக் கிறிஸ்தவர்கள் படிக்கும்போது திடுக்கிடுவது இயல்பு.

யாரும் பார்க்காதபோது நல்லவனாக இருப்பாயா என்பது முதல் தேர்வு. எல்லாரும் தவறாகப் பார்க்கும்போதும் நல்லவனாக இருப்பாயா என்பது இரண்டாவது. நம் ஒழுக்கப் போதனைகள் பெரும்பாலும் முதல் தேர்வோடு நின்றுவிடுகின்றன. மாயாவியின் கதையும் அப்படித்தான். நம் கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சூசன்னா என்னும் பெண் இரண்டாம் தேர்வை எழுதுகிறாள். தோட்டத்தில் ஒளிந்திருந்த முதியவர் இருவருக்கும், யாரும் பார்க்கவில்லை என்பதே துணிவு. அவர்களுக்கு இணங்கினால் ஒருவருக்கும் தெரியாது, பெயர் நிலைக்கும். மறுத்தால் நடத்தை கெட்டவள் என்னும் பெயரோடு கல்லெறிபட்டுச் சாகவேண்டும். அவள் கெட்ட பெயரைத் தேர்ந்தெடுத்தாள். தானியேல் வந்து காப்பாற்றினார் என்பது பின்னால் நடந்தது. தேர்ந்தெடுக்கும்போது தானியேல் வருவார் என்று அவளுக்குத் தெரியாது.

நான் அந்த ஆண்டுத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். திருடினேன் என்றேன், எதனை, யாரிடமிருந்து என்று குருவானவர் கேட்டார். சொன்னேன். "அப்பாவிடம் சொன்னாயா?" என்றார். இல்லை என்றேன். சொல்லிவிடு என்றார். தலையாட்டினேன், சொல்லவில்லை. ஆசிரியப் பணியில் முதற்சம்பளம் வாங்கியபோது, சரிகையின் விலையைக் கணக்கிட்டு, அதற்கு நான்கு மடங்கு புனித அந்தோனியார் உண்டியலில் போட்டேன். சக்கேயு நான்கு மடங்கு கொடுத்தார் என்பது நினைவில் இருந்தது. ஆனால் சக்கேயு யாரிடம் பறித்தாரோ அவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். உண்டியலில் போடுவதாகச் சொல்லவில்லை. நான் எடுத்தது முதலாளியின் வெள்ளியை மட்டும் அன்று. திண்ணையில் இருந்த நால்வர் முன்னிலையில் அப்பாவின் பெயரையும் எடுத்தேன். அதற்குக் கிராம் கணக்கு ஏது?

இரும்புக்கை மாயாவியை இப்போது படிக்கும்போது எனக்குப் பிடிக்காமற்போனது இந்த ஓரிடம்தான். மின்சார அதிர்ச்சியால் மூளை குழம்பியிருந்தது, ஆகவே திருடினான் என்று சொல்லிக் கதை அவனை விடுவித்துவிடுகிறது. திருடப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? கட்டத்துக்கு வெளியே போய்விட்டார்கள். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது, ஆகவே நல்லவனாக்கிவிட்டார்கள் என்பதே உண்மையாக இருக்கவேண்டும். சிறுவர் இதழுக்கு அது போதும். குறை சொல்லவில்லை, எனக்கும் நெடுங்காலம் அது போதுமானதாகவே இருந்தது. உலகை இத்தனை முறை காப்பாற்றியவனிடம் பழைய திருட்டைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? ஊரார் மதிக்கும் ஆசிரியனிடம் தீப்பெட்டியைப் பற்றி யார் கேட்டார்கள்?

மனச்சான்று என்பது மனிதனின் மிக மறைவான உள்ளறை என்றும், அங்கே அவன் கடவுளோடு தனித்திருக்கிறான் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு கூறுகிறது. அந்த அறைக்குள் மோதிரமும் மின்சாரமும் செல்லா. அங்கே நான் தனியாக இருக்கவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து வேறு விதமாக அறிந்தேன்.

அப்பா இறந்து முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த மாலை. பரண்மேல் இருந்த தறிச்சாமான்களை அம்மா இறக்கச் சொன்னார். நாடாக்கள், அச்சுக்கட்டைகள், இவற்றுக்கிடையே துணியில் சுற்றிய ஒரு சிறு தராசு. பொற்கொல்லர் வைத்திருப்பதைப் போன்றது. வீட்டில் இப்படியொன்று இருந்ததே எனக்குத் தெரியாது. "இது எதுக்கும்மா?" என்றேன். "உங்கப்பா தினமும் ராத்திரி நீங்கள்லாம் தூங்கினப்புறம் சரிகைய நிறுத்துப் பாத்துட்டுத்தான் படுப்பாரு. முதலாளி வீட்டுப் பொருளாச்சே" என்றார் அம்மா.

தினமும் இரவு. அப்படியானால் முதல் நாள் குறைந்ததே அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும். மாலையில் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்து, கை மட்டும் ஏன் தெரிகிறது என்று கேட்டபோது அவருக்குத் தெரியும். எடை போடப்போகும்போது என்னைக் கூட அழைத்துச் சென்றபோதும் தெரியும். நான் சொல்வேன் என்று காத்திருந்தாரா? சொல்லிவிடக் கூடாது என்று அஞ்சினாரா? திண்ணையில் இருந்தவர்கள் முன்னிலையில் பையன் திருடன் என்று ஆகிவிடுவதைவிட, தாம் ஆகிவிடுவது மேல் என்று எண்ணினாரா? கேட்பதற்கு அவர் இல்லை.

அவர் செய்தது சரிதானா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. ஆசிரியனாக இருந்த எனக்கு அது தவறாகவே படுகிறது. அன்றிரவே காதைத் திருகிக் கேட்டிருந்தால், தீப்பெட்டியோடு முதலாளியிடம் அழைத்துப்போயிருந்தால், எனக்கு அரை நூற்றாண்டுச் சுமை இல்லை. வீட்டில் அந்த மாதங்களின் பட்டினியும் இல்லை. பொய்யான எண்ணம் ஒன்று நிலைக்கும்படி விட்டது உண்மைக்குச் செய்த குறை அல்லவா என்றும் கேட்கலாம். அறநூல் வல்லார் இதற்கு விடை வைத்திருக்கக்கூடும். ஆனால் கண் உறங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் உண்மையிலேயே அந்த வீட்டில் இருந்திருக்கிறார். பார்த்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், விலையைத் தாமே கட்டியிருக்கிறார். முக்கோணத்துக்குள் வரைந்த அந்தக் கண்ணை இப்போது பார்க்கும்போது, முன்பு தெரியாத ஏதோ ஒன்று அதில் தெரிகிறது.

அன்று மாலையே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தராசைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும்டா. உங்கப்பாதான் சொல்லக் கூடாதுன்னாரு. மூணு மாசம் கேவுரு கூழு. பேரு கெட்டது அவருக்கு, பசி எனக்கு. நீ புஸ்தகம் படிச்சிக்கினு இருந்த."

தராசு இப்போது என்னிடம் இருக்கிறது. மறுபதிப்புகள் வைத்திருக்கும் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். ஒரு தட்டின் சங்கிலி அறுந்து, அந்த இடத்தில் அப்பா பட்டு நூலால் முடிந்து வைத்திருக்கிறார். முடிச்சு இன்னும் தளரவில்லை.